மீன் பெட்டியில் வைத்த ஊசி மருந்து

பன்விலத் தேயிலைத் தோட்டத்தில் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான், தனி ஆளாகப் பிலிமத்தலாவையில் மீன்கடை போட்டு, மாடி வீடும் கட்டியவன்.

என் மருமகள் மேரி எட்டு வருடங்களாகப் பிள்ளை உண்டாகக் கண்டியில் வைத்தியம் எடுத்துவந்தாள். ஒருநாள் அவள் வேலைக்குப் போனபின் கரண்ட் போய்விட்டது. பிரிட்ஜில் இருந்த அவளுடைய ஊசி மருந்து கெட்டுவிடுமே என்று, ஜெனரேட்டரில் ஓடும் என் கடை டீப் பிரீசரில் கொண்டுபோய் வைத்தேன். மருந்துப் பெட்டியில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. அதை இன்னொருவரிடம் வாசிக்கக் கொடுப்பது எனக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது.

மாலையில் அவளிடம் பெருமையாக நீட்டினேன். வாங்கிப் பார்த்தவள் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஐயோ மாமா, கட்டியாயிருச்சே! உறைஞ்சா இந்த மருந்து ஒதவாதுங்க.”

“நாப்பது வருஷமா மீன் விக்கிறேன். எனக்கே குளிரப் பத்திச் சொல்லித்தாறியா?”

“இது மீனில்ல மாமா.”

டாக்டரும் அதையே சொல்லி, அந்த முறை வைத்தியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். அடுத்த முறை உண்டான கருவும் தங்கவில்லை. மூன்றாவது முறைதான் மேரி தாயானாள். அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

இப்போது பேத்தியின் காய்ச்சல் பாணி மருந்துப் போத்தலைக்கூட, “இதுல என்னம்மா எழுதியிருக்கு?” என்று மருமகளிடம் கேட்காமல் நான் திறப்பதில்லை.