ஏழாம் நம்பர்க் கதிரையின் பொலித்தீன்

புளோறன்ஸ் வீட்டுச் செற்றியில் இருந்து பார்க்காத தமிழர் ஒஸ்லோவின் குரோருட் பக்கத்தில் குறைவு. இருந்தால் ‘சர்ர்’ என்று ஒரு சத்தம், எழும்பினால் ‘பிய்ய்’ என்று இன்னொரு சத்தம். ஒன்பது வருடத்துக்கு முன் கடையிலிருந்து சுற்றி வந்த பொலித்தீன் அப்படியே கிடக்கிறது. கோடையில் அரைக்காற்சட்டையோடு வந்து அதில் இருந்தவர்களின் பாட்டைச் சொல்லி வேலையில்லை.

“கழட்டுங்கோ அம்மா, சிநேகிதியளைக் கூட்டிக்கொண்டு வர வெக்கமாக் கிடக்கு” என்று மகள் கரோலினா மன்றாடாத நாள் இல்லை.

“ஊத்தை பிடிச்சால் நீயோ தோய்க்கப்போறாய்?” என்று வாயை அடைத்துவிடுவாள் புளோறன்ஸ். ஆனால் மகளின் அந்த ‘வெக்கம்’ என்ற சொல் உள்ளுக்குள் தைத்துத்தான் இருந்தது. பொலித்தீன் என்றால் தமிழரின் மானக்கேடு, வெள்ளைக்காரர் கண்டால் சிரிப்பார்கள் என்று அவளும் நம்பத் தொடங்கியிருந்தாள். கடைசியில் காலை வாரிவிட்டது அந்த நம்பிக்கைதான்.

ஊர்காவற்றுறையில் பிறந்தவள். தொண்ணூற்றொன்றில் நோர்வேயின் வடக்கு முனையில் மீன் தொழிற்சாலை, பிறகு ஒஸ்லோவில் முதியோர் இல்லக் குசினி, பள்ளிக்கூடத் துப்புரவு. ஐம்பத்தாறாவது வயதில் நகரத்தில் ஒரு சிறிய காட்சிக்கூடத்தில் வேலை கிடைத்தது. கறுப்புச் சட்டை, கழுத்தில் அட்டை, நாள் முழுக்க வடிவான சாமான்களுக்குக் காவல். கொடுத்துவைத்த வேலை! ஒரே ஒரு குறை, அது ‘விக்கார்’ வேலை. லீவில் போன யாரோ ஒருத்திக்குப் பதிலாள். அந்த ஒருத்தி இனி வரமாட்டாள் என்று தெரிந்ததும், “உன்னை நிரந்தரமாக்குவதா என்று திங்கட்கிழமை சொல்கிறேன்” என்றாள் பொறுப்பாளர் சில்யே. அந்தக் கிழமை முழுக்கப் புளோறன்ஸுக்குச் சோறு இறங்கவில்லை.

அதே கிழமைதான் அடுத்த காட்சிக்கான சுவிஸ் சாமான்களும் வந்திறங்கின. இப்போதைய சுவிஸ் வடிவமைப்பாளர்களின் பன்னிரண்டு கதிரைகள், ஒற்றைத் தகட்டை மடித்தே செய்த அலுமாரி, சுவரில் யன்னலே இல்லாத கொங்கிறீற் வீடு ஒன்றின் சின்ன மாதிரி. எங்கே தேடினாலும் ஒரு ஆணித் தலை தெரியாது. “இந்த வீட்டுக்கு வெளிச்சம் எங்காலை வரும்?” என்று குனிந்து பார்த்தவள், கூரை முழுக்கக் கண்ணாடியாய் இருக்கக் கண்டு வாயைப் பிளந்தாள்.

வியாழன் மத்தியானம் சில்யே வெளிக்கிடும்போது சொன்னாள்: “பொதிச்சுற்று எல்லாவற்றையும் கழற்றிவிடு, புளோறன்ஸ். நாளை பத்து மணிக்கு ரெகுலா வருகிறாள். ஏழாம் நம்பர்க் கதிரை செய்தவள்.”

ஆறு கதிரைகள் பிழையில்லாமல் முடிந்தன. ஏழாவது சிவப்புக் கம்பளிக் கதிரை. அதன் பொலித்தீன் சுற்றியிருக்கவில்லை, தைத்திருந்தது. புளோறன்ஸ் ஒரு கணம் நின்றாள்.

“அட, சுவிஸ்காரர் பொதி கட்டினாலும் தைச்செல்லோ கட்டுவினம்!”

பொலித்தீனோடு இதை நாலு பேர் கண்டால் சுவிஸ்காரரின் மானம் என்னாவது? பாவம், நாங்களாவது காப்பாற்றுவோம் என்று கத்தரிக்கோலை எடுத்தாள். கறக் கறக். குப்பை லொறி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போன பிறகுதான் விபரத் தாள்களை ஒட்டத் தொடங்கினாள். ஏழாவது தாளில் கதிரையின் பெயரோடு இருந்தது: ‘ஞாயிறு. பீச் மரம், கம்பளி, கையால் தைத்த தெளிந்த பிளாஸ்டிக் உறை.’

“என்ரை மாதாவே!”

சுவிஸில், பேர்ண் நகரத்தில் இருக்கும் தங்கச்சி மரியகொறற்றிக்கு ரெலிபோன் அடித்தாள். “சுவிஸ்காரர் எப்பிடிப்பட்ட ஆக்களடி?”

“எல்லாம் பொறுப்பினம் அக்கா. பிந்தி வாறதையும் பொய் சொல்லுறதையும் மட்டும் பொறுக்கமாட்டினம்.”

பின்னேரம் வீட்டுக்குப் போன வேகத்தில் ஒற்றைச் செற்றியின் பொலித்தீனை உரித்தாள். பஸ் ஓட்டிவிட்டு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த கணவன் அருட்செல்வம் கோப்பையைக் கீழே வைத்தான். “இஞ்சேரும், உமக்கென்ன விசரே?”

“கதை பிறகு. உங்கடை தூண்டில் தங்கூசியைத் தாங்கோ.”

தன் சால்வையால் கதிரையை அளந்து கொண்டுவந்திருந்தாள். வெட்டி, அந்த நைலோன் நூலால் நெருக்கித் தைத்தாள். விடிந்து முதல் ஆளாய்ப் போய்க் கதிரைக்கு மாட்டினாள். அச்சொட்டாய் இருந்தது. விருந்துக்கு வந்த மகேசன் அண்ணை என்றோ ஊற்றிய மீன்குழம்பின் மஞ்சள் கறை மட்டும் ஒரு மூலையில் சிரித்தது.

சரியாகப் பத்து மணிக்கு ரெகுலா வந்தாள். ஒஸ்லோவில் படித்தவள், நோர்வேஜிய மொழி நன்றாகத் தெரிந்தவள். ஏழாம் நம்பரடியில் நின்றாள். குனிந்தாள். மோந்து பார்த்தாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பலாம். திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள். ஆனால் தங்கச்சி சொன்னது காதில் நின்றது.

“நான்தான் வெட்டினேன். குப்பை என்று நினைத்தேன். இது என் வீட்டுக் கதிரையின் உறை” என்றாள் புளோறன்ஸ், நோர்வேயின் வடக்குத் துறைமுகத்து உச்சரிப்பில். சில்யேயின் முகம் வெளிறியது.

ரெகுலா நிமிர்ந்தாள். “இதில் யார் இருப்பார்கள்?”

“விருந்தாளிகள் மட்டும். ஒன்பது வருடமாக.”

ரெகுலா சிரிக்கத் தொடங்கினாள். கண்ணீர் வழியும்வரை சிரித்தாள். “எங்கள் வீட்டிலும் இப்படித்தான்! ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்கு மட்டும் என்று அம்மா ஒரு கதிரையை மூடி வைத்திருந்தாள். எனக்கு ஒருநாளும் இருக்க விட்டதில்லை.” பிறகு தையலைத் தடவிப் பார்த்து முகத்தைச் சுழித்தாள். “உன் தையல் என்னுடையதைவிட நெருக்கம். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.”

புது உறை தைத்து அனுப்ப இரண்டு கிழமை வேண்டும், அதுவரை இது இருக்கட்டும், ஆனால் தாளில் உண்மை இருக்கவேண்டும் என்றாள். அப்படியே எழுதி ஒட்டினார்கள்: ‘உறை: புளோறன்ஸ், குரோருட்.’

திங்கட்கிழமை சில்யே கடிதத்தை நீட்டினாள். நிரந்தரம். “கத்தரிக்கோலை மட்டும் என்னிடம் தந்துவிடு” என்றாள். புளோறன்ஸ் அழுகை, சிரிப்பு இரண்டையும் சேர்த்தே செய்தாள்.

இரண்டு கிழமை கழித்து ரெகுலாவின் புது உறை வந்ததும், புளோறன்ஸ் தைத்த உறை மெல்லிய வெள்ளைத் தாளில் சுற்றி வீட்டுக்கு வந்தது. அருட்செல்வம் ஆவலோடு பிரித்து ஒற்றைச் செற்றிக்கு மாட்டப் போனான். கையில் ஒரு தட்டு விழுந்தது.

“தொடாதேங்கோ! அது காட்சிக்கு வைச்ச சாமான்.”

“அப்ப கதிரை?”

“கதிரை இருக்கிறதுக்கு” என்று சொல்லிவிட்டு, புளோறன்ஸ் சத்தமே இல்லாமல் அதில் இருந்தாள்.