நான்கு மாதம் முன்னதாக ஒரு வெள்ளி விழா

கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு திருக்குடும்பத் திருநாள். மலேசியாவில், புலாவ் செபாங் ஊரின் எங்கள் சிற்றாலயத்தில் அன்று, மணமாகி இருபத்தைந்து ஆண்டு நிறைந்த தம்பதிகள் பீடத்தின் முன் கைகோத்து நின்று, மணநாள் வாக்குறுதியை மறுபடி சொல்வார்கள். பிறகு கேக், பிரியாணி, போட்டோ. ஆலய வரலாற்றை எழுதி வருபவன் நான். யாருக்கு எப்போது மணமானது என்று என்னிடம்தான் கேட்பார்கள். சென்ற ஆண்டு கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்தத் தம்பதிக்கு மணமானது ஈஸ்டர் முடிந்து, மே மாதத்தில். இருபத்தைந்து நிறைய இன்னும் நான்கு மாதத்துக்கு மேல் இருந்தது. ஆனால் கணவர் ஊருக்கு வருவது கிறிஸ்துமஸுக்கு மட்டும். மற்ற நாளெல்லாம் ஜொகூரில் லாரி கம்பெனியும், வேறொரு பெண்ணோடு குடித்தனமும். ஆலய முற்றத்தில் மாதா சிலை நிற்கும் கெபிக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர் அவர். ஒரு கூரைக்காக நாள்காட்டியை வளைக்க எங்கள் ஆலயக் குழுவுக்குக் கூச்சமில்லை.

குழுத் தலைவர் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி. திருமண ஆயத்த வகுப்பில், கல்யாணம் என்றால் சாகும்வரை என்று மேசையைத் தட்டிச் சொல்பவர். மனைவியைச் சம்மதிக்க வைக்க அவரே போனார். விழா ஆல்பத்துக்குப் பழைய மணப்படம் வாங்க நானும் உடன் போனேன்.

அந்த அக்கா பத்து பெரண்டாம் ஊர்த் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தவர். கூடப் பிறந்தவர்களே விவாகரத்து வாங்கச் சொன்னார்கள். வாங்கவில்லை, மோதிரத்தையும் கழற்றவில்லை.

"பத்து நிமிசம் பக்கத்துல நில்லும்மா. ஊருக்குக் குடும்பமா தெரியட்டும்," என்றார் தலைவர்.

அவர் அந்த ஜொகூர் வீட்டை விட்டு வந்துவிட்டாரா என்று அக்கா கேட்டார்.

"அதெல்லாம் போகப் போகச் சரியாயிடும்லா."

வாக்குறுதி சொல்வாரா என்று தலைவர் முன்பே கணவரிடம் கேட்டிருந்தாராம். வெறும் வார்த்தைதானே, சொல்லிவிட்டால் போகிறது என்று சிரித்தாராம். இதை ஏதோ நற்செய்தி போலத் தலைவர் எங்களிடம் சொன்னார். அதைக் கேட்டதும் அக்கா, விழாவுக்கு வருவதாகச் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் தலைவர் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு வந்தார்.

ஞாயிறன்று கணவர் கோட்டு போட்டு, குழுவினர் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தபடி முன்னே வந்தார். ஃபாதர் ஊருக்குப் புதியவர். அவருக்கு எதுவும் தெரியாது. மைக்கை முதலில் அக்காவிடம் நீட்டினார்.

"அன்னிக்கு சொன்னத நான் இன்னும் மீறல ஃபாதர். மறுபடி சொல்ல என்ன இருக்கு? அவர் சொல்லட்டும், கேட்டுக்கிறேன்."

குரல் உயரவில்லை. மைக் கணவரிடம் போனது. மனைவி முகத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"மறந்துபோச்சு ஃபாதர்," என்றார். அச்சடித்த தாள் அவர் கையில்தான் இருந்தது.

தலைவர் கைதட்டத் தொடங்கினார். எதற்கென்று தெரியாமலே நாலைந்து பேர் சேர்ந்து தட்டினார்கள். ஃபாதர் அடுத்த ஜோடியிடம் நகர்ந்தார். பூசை முடிந்ததும் கணவர் யாரிடமும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாப்பாட்டுப் பந்தியில் தலைவர் அக்காவிடம் வந்து, புருசனை ஊர் முன்னால் இப்படியா நிறுத்துவது என்று கடிந்துகொண்டார்.

"நிக்கச் சொன்னது நீங்கண்ணே," என்றார் அக்கா. "அந்த வீட்ட விட்டுட்டு வந்து, என்னிக்கு வேணாலும் சொல்லட்டும். நான் எங்கயும் போகல."