விழுப்புரத்துக்குப் போன கியர் நம்பர்கள்

அவன் பெயரை நான் எழுதப்போவதில்லை. பயத்தினால் அல்ல. என்னைப் பற்றிச் சொல்லவேண்டிய இடத்தில் அவன் சொல்லவில்லை. அதனால் அவன் பெயர் என் கையால் எழுதப்படாது.

2010 வாக்கில் திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். வயது முப்பத்து மூன்று. படிப்பு பத்தாவது. ரயில் டிக்கெட் எடுப்பது, பரீட்சை ரிசல்ட் பார்த்துச் சொல்வது, வேலைக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது, இவைதான் வேலை. எனக்கு யார் முகத்தையும் பார்த்துப் பேச வராது. கேட்பவர் எதிரே நின்றாலும் மானிட்டரைப் பார்த்தே பதில் சொல்லலாம் என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

மதியம் இரண்டு மணிக்கு மேல் கடையில் ஆள் இருக்காது. அப்போதுதான் நான் கார் ஓட்டுவேன். இன்டர்நெட்டில் விளையாடும் ரேஸ் அது. வளைவு கிடையாது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கார்கள், எதிரே நானூறு மீட்டர் நேர் ரோடு. மஞ்சள் விளக்கு பச்சையானதும் கிளம்பவேண்டும். பத்துப் பன்னிரண்டு நொடியில் முடிந்துவிடும். கடைக்கு வரும் பையன்கள் காருக்கு நெருப்புப் படம் ஒட்டுவார்கள், கலர் மாற்றுவார்கள். நான் அதையெல்லாம் தொடமாட்டேன். விளையாட்டில் 'கராஜ்' என்று ஒரு பக்கம் உண்டு, அதில் கியர் நம்பர்கள் இருக்கும். ஒவ்வொரு கியருக்கும் ஒரு நம்பர், எல்லா கியருக்கும் சேர்த்து ஃபைனல் என்று ஒரு நம்பர், டயர் காற்றுக்கு ஒன்று. இவற்றை மாற்றி அமைப்பதைப் பையன்கள் 'டியூன்' என்பார்கள். நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். ஒரு நம்பரைக் கொஞ்சம் ஏற்றி ஓட்டிப்பார்ப்பேன். கொஞ்சம் இறக்கி ஓட்டிப்பார்ப்பேன். நேரத்தை நோட்டில் எழுதுவேன்.

கியர் எனக்குப் புதிதல்ல. எங்கள் ஊரிலிருந்து திண்டிவனத்துக்கு டவுன் பஸ்ஸில் பத்து வருடம் வந்துபோயிருக்கிறேன். பெண்கள் உட்காருகிற முன்பக்க சீட்டில், டிரைவரின் கியர் கம்பி முழங்காலில் இடிக்காத குறையாக உட்கார்ந்து வருவேன். எஞ்சின் எப்போது கத்தும், எப்போது டிரைவர் கை கம்பிக்குப் போகும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். மற்றப் பெண்கள் பேசிக்கொண்டு வருவார்கள். பேச வராதவளுக்கு எஞ்சின் சத்தம்தான் துணை.

அவன் ஒலக்கூர் பக்கத்தவன். விழுப்புரத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை. தினமும் திண்டிவனத்தில் இறங்கி வேறு பஸ் பிடிப்பான். பஸ் வரும்வரை எங்கள் கடைக்கு வந்து விளையாடுவான். ஒருநாள் என் பின்னால் நின்று ஸ்கிரீனைப் பார்த்துவிட்டான்.

"அக்கா, இந்த டைம் யாரு அடிச்சது?"

"நான்தான்."

"நீங்களா? நெஜமா? விழுப்புரத்துல ஒருத்தனும் இந்த டைம் அடிச்சது இல்லக்கா! எப்டி?"

சொன்னேன். ஒரு வாரம், தினமும் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டான். 'நீங்க' போய் 'நீ' வந்தது. சின்ன டைரியில் என் நம்பர்களை எழுதிக்கொண்டான். என் வாழ்க்கையில் அதுவரை ஒருவர்கூட என்னிடம் ஒரு விஷயத்தைக் கேட்டு, பதிலை முழுதாகக் கேட்டது கிடையாது. அதனால் எல்லாவற்றையும் கொடுத்தேன்.

விழுப்புரம் ரயில் நிலையம் அருகே இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் போட்டி நடக்கும். வெளியூர்க்காரர்கள் அவரவர் இடத்திலிருந்தே சேர்ந்துகொள்ளலாம். ஞாயிறு எனக்கு லீவு. ஒருமுறை முதலாளி கூப்பிட்டதால் கடைக்கு வந்திருந்தேன். சும்மா பார்க்கலாம் என்று, எங்கள் கடை சிஸ்டத்திலிருந்தே, விளையாட்டுக்குள் போட்டி நடக்கும் ஆன்லைன் ரூமுக்குள் போனேன். விளையாட்டில் எங்கள் கடைக் கணக்குகளுக்கெல்லாம் சிஸ்டம் நம்பர்தான் பெயர். அன்று நான் 'சிஸ்டம் நாலு'. அதில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது; ஞாயிறு எனக்கு லீவு என்பது அவனுக்கும் தெரியும்.

அவன் ஜெயித்துக்கொண்டிருந்தான். என் நம்பர்களால்தான். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அப்போது யாரோ சாட்டில் கேட்டார்கள்: "தல, திண்டிவனத்துல ஒரு அக்கா உனுக்கு டியூன் பண்ணிக் குடுக்குதாமே?"

அவன் எழுதினான்: "அந்தக்காவா? அது டிக்கெட் பிரிண்ட் எடுத்துக் குடுக்கும். கியர பத்தி அதுக்கு இன்னா தெரியும்? நான் ஓட்டும்போது பக்கத்துல ஒக்காந்து வாயப் பொளந்துகினு பாக்கும்."

வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் வந்தன. பதினொன்று. எண்ணினேன்.

ரூமை மூடிவிட்டேன். வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடவில்லை. அந்தக் கார்தான் நான் சொந்தமாகச் செய்த ஒரே பொருள். அது என்னுடையது என்று அவன் வாயாலோ என் கையாலோ, அதே ரூமில், அதே ஆட்கள் முன்னால் வரவேண்டும். அதற்குக் குறைந்து எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

அவன் காரைக் கெடுப்பது எனக்குச் சுலபம். அவனுக்கு மெயில் திறந்துகொடுத்ததே நான்தான். கடைக்கு வருகிற எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டைத்தான் போட்டுக்கொடுப்பேன், மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். ஒருவரும் மாற்றமாட்டார்கள். அவனும் மாற்றவில்லை. உள்ளே போய் எல்லாவற்றையும் அழித்திருக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் அவனுக்கு அனுதாபம்தான் கிடைக்கும். அவன் சரியான நம்பர்களை வைத்துக்கொண்டு தோற்கவேண்டும்.

இரண்டு மாதம் காத்திருந்தேன். அவன் வழக்கம்போல வந்தான், "அக்கா, அக்கா" என்றான். நானும் வழக்கம்போலப் பதில் சொன்னேன்.

பிறகு அந்த விளையாட்டில் ஒரு அப்டேட் வந்தது. டயரின் பிடியைக் குறைத்துவிட்டார்கள். பழைய நம்பர்களை வைத்துக் கிளப்பினால் டயர் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகை விட்டது. மூன்று மதியம் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு பஸ் ஞாபகம் வந்தது. சமமான ரோட்டில் டிரைவர் முதல் கியரைத் தொடவேமாட்டார். நிற்கிற பஸ்ஸை இரண்டாவதில்தான் எடுப்பார். முதல் கியர் மேட்டுக்கும் பெரிய கூட்டத்துக்கும் மட்டும்தான். நானும் முதல் கியரை விட்டுவிட்டு மற்ற ஐந்தையும் நெருக்கமாக அமைத்து, விளக்கு மாறுவதற்கு முன்பே இரண்டாவதுக்கு மாற்றி வைத்துக் கிளப்பினேன். இரண்டாவதில் இழுப்பு குறைவு, டயர் சுற்றவில்லை. பழைய நேரத்தைவிடக் குறைவாக வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் ஓடிவந்தான்.

"அக்கா, அப்டேட்டு வந்து ஒரே பேஜாராயிடுச்சுக்கா. டயரு வெறுமனே சுத்திகினு கெடக்குது. நாளைக்கிப் போட்டி. ஜல்தியா எதனா பண்ணிக் குடுக்கா."

"பண்ணி வெச்சிருக்கேன். எழுதிக்கோ."

"ஓட்டிப் பாத்தியா?"

"பாத்தேன். பழச விட வேகம்."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எழுதிக்கொண்டான். ஓட்டிப்பார்க்கலாம் என்றால் கடையில் எல்லா சிஸ்டத்திலும் ஆள் இருந்தது, அவன் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, ஒலக்கூர் பஸ் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "தெய்வம்க்கா நீ" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். எப்படிக் கிளப்புவது என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்கமாட்டேன்.

மறுநாள் நான் லீவு எடுக்கவில்லை. காலையிலேயே கடைக்கு வந்து சிஸ்டம் நாலில் உட்கார்ந்தேன். போட்டி ஆரம்பிக்கிற நேரத்துக்குத்தான் அவன் ரூமுக்குள் வந்தான். வந்ததும் எழுதினான்: "புது டியூன். ராத்திரி பூரா ஒக்காந்து நானே பண்ணது. யாரு மொதல்ல வர்றீங்க?"

பச்சை விழுந்தது. அவன் கார் நின்ற இடத்திலேயே புகைந்தது. எதிரி போய்ச்சேர்ந்த பிறகுதான் அவன் கார் பாதி ரோட்டுக்கு வந்தது.

"தல, கொசுவுக்குப் பொகையா?"

"டியூனர் சார், தள்ளி உடணுமா?"

"நெட்டு ஸ்லோ. இன்னொரு தபா" என்றான். இன்னொரு தபாவும் அதே புகை. மூன்றாவது தடவையும்.

"இன்னா டியூன்பா அது? காட்டு பாப்போம்."

அந்த விளையாட்டில் கார் நம்பர்களை ரூமில் எல்லோருக்கும் திறந்து காட்டலாம். அவன் திறந்தான். நம்பர்கள் சரி என்று அவன் நம்பினான், ஏனென்றால் அவை என்னுடையவை. நானும் என் காரைத் திறந்து வைத்தேன். ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. அவனைப் போட்டிக்குக் கூப்பிட்டேன். பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி மறுப்பான்?

இரண்டாவதுக்கு மாற்றிவிட்டுக் காத்திருந்தேன். பச்சை. என் கார் சத்தமில்லாமல் எழுந்து போயிற்று. திரும்பிப் பார்க்க அந்த விளையாட்டில் ஒரு கீ உண்டு. அழுத்திப் பார்த்தேன். பின்னால் வெள்ளைப் புகை, அதற்குள் அவன் கார்.

நான் எழுதினேன்: "ரெண்டாவது கியர்ல கெளப்பணும் தம்பி. நேத்து நம்பர் எழுதிக்கினு போனியே, அத மட்டும் கேக்காம போயிட்ட."

"யாருப்பா இது சிஸ்டம் நாலு?"

"டிக்கெட் பிரிண்ட் எடுத்துக் குடுக்குற அக்கா" என்று எழுதினேன்.

அவன் பெயர் ரூமிலிருந்து மறைந்துவிட்டது. அன்று ராத்திரி இரண்டு தடவை போட்டுச் சோறு சாப்பிட்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து விழுப்புரத்திலிருந்து கடைக்குப் போன் வர ஆரம்பித்தது. "கார் டியூன் பண்ற அக்கா இருக்காங்களா?" போன் என்பதால் எனக்கும் பேச வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் நம்பரும் கொடுத்தேன், ஓட்டும் விதமும் சொன்னேன். அவன் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டான். கீழே பஸ்ஸுக்கு நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். தலை நிமிராமல் நிற்பான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ரூமுக்கு வந்து, எல்லோரும் இருக்கும்போது எழுதினான்: "கியர் பத்தி எனுக்கு எல்லாம் கத்துக் குடுத்தது திண்டிவனம் அக்காதான். நான் அன்னிக்கு சொன்னது தப்பு. மன்னிச்சிடுக்கா." அதற்குக் கீழேயே, "எனுக்கும் ஒரு டியூன் குடுக்கா" என்று இருந்தது.

இரண்டு வரியையும் படித்தேன். முதல் வரியை மறுபடியும் படித்தேன். பிறகு, அவனுக்கு முன்னால் கேட்டு வரிசையில் இருந்த மேல்மலையனூர் ஆளுக்கு நம்பர் அனுப்பினேன். அவனுக்குப் பின்னால் கேட்டவருக்கும் அனுப்பினேன். அந்த விளையாட்டை நடத்தியவர்கள் நிறுத்தும்வரை ஒன்றரை வருடம் அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். நான் கொடுக்கவில்லை. இன்று கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.