பூஞ்சை பிடிக்காத பாட்டில்

எங்கள் ஆய்வகம் அடையாறு பஸ் டெப்போவுக்குப் பின்தெருவில் ஒரு மாடியில் இருக்கிறது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாய்ன் மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு சோதனை உருவாக்கிக்கொண்டிருந்தோம். அளவு குறைந்தால் வலிப்பு வரும், கூடினால் ஆள் தள்ளாடுவார். அந்த மருந்தை மட்டும் இனம்கண்டு ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை முயலின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து, வருஷக்கணக்கில் மெனக்கெட்டுத் தயார் செய்தவள் நான்.

தட்டில் வரிசையாகச் சின்னக் குழிகள். மருந்து இல்லாத குழி அடர் நீலமாக வேண்டும். மருந்து கூடக் கூட நீலம் வெளுக்க வேண்டும். பங்குனி வரை அப்படித்தான் நடந்தது. சித்திரை பிறந்ததும் ஒரு குழியிலும் நீலம் வரவில்லை. திரும்பத் திரும்பச் செய்தும் எல்லாக் குழியும் வெறும் தண்ணீராகவே கிடந்தது.

எங்கள் தலைவர் எட்டிப் பார்த்தார். "உங்க ஆன்டிபாடி செத்துப்போச்சும்மா. கரண்ட் போனப்ப ஃப்ரிட்ஜ்லயே கெட்டிருக்கும். திங்கக்கிழமை வெளிநாட்டுச் சரக்குக்கு ஆர்டர் போட்டுடறேன்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதைப் பார்த்துச் செத்துப்போச்சு என்கிறார்? "திங்கக்கிழமை வரைக்கும் டைம் இருக்கில்ல சார்?" என்று மட்டும் கேட்டேன்.

சனிக்கிழமை நானும் கூட வேலை பார்க்கும் தோழியும் வந்தோம். அவள் மயிலாப்பூர்க்காரி. தட்டைக் கழுவும் உப்புக்கரைசலைக் கலந்துவைப்பது அவள் பொறுப்பு. அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்த நான் அப்படியே நின்றுவிட்டேன். சென்னை வெயிலில் அந்தக் கரைசல் ஒரு வாரம் தாங்காது. பஞ்சு பஞ்சாகப் பூஞ்சை மிதக்கும். இதுவோ பளிச்சென்று இருந்தது.

"இது எப்போடி கலந்தது?"

"அது ஆச்சு, மூணு வாரம்."

"மூணு வாரமா? பூஞ்சையே காணோமே?"

"எப்படிப் பிடிக்கும்? வாராவாரம் கொட்டிண்டே இருக்கோமேன்னு இந்தத் தடவை துளி அசைடு போட்டு வெச்சுட்டேன்" என்றாள் பெருமையாக.

தலையில் அடித்துக்கொண்டேன். அசைடு கிருமியைக் கொல்லும் விஷம். ஆனால் கடைசியில் நீலத்தை வரவழைக்கும் என்சைமையும் அது முடக்கிவிடும். "ஊறுகாய்க்கு எண்ணெய் விடற மாதிரி விட்டிருக்கியேடி!" என்று கத்தினேன். "ஐயையோ, என்சைம்! மறந்தே போயிட்டேண்டி" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

புதிதாகக் கரைசல் கலந்து, தட்டை ஆரம்பத்திலிருந்து போட்டோம். கடைசித் திரவத்தை விட்டுவிட்டுத் தட்டின் மேல் குனிந்துகொண்டேன். முதல் குழியில் லேசாக ஒரு நீலம் கலங்கி வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அடர்ந்தது. அடுத்தது கொஞ்சம் இளசு, அதற்கடுத்தது இன்னும் இளசு. வரிசை பிசகாமல் வந்து நின்றது. "வந்துடுத்துடி!" என்று அவள் குதித்தாள். ஐம்பதைத் தாண்டிய நான் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தேன். கீழ்வீட்டுக்காரர் மாடிப்படி வரை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை தலைவரை நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவர் கண்ணெதிரே இன்னொரு தட்டு போட்டேன். மருந்தளவு முன்பே தெரிந்த ரத்த மாதிரிகளையும் அதில் வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் சொல்லிவைத்தாற்போல் ஒத்துப்போனது.

"என்னம்மா ஆச்சு அன்னிக்கு?"

"கரைசல்ல கோளாறு சார். ஆன்டிபாடி கல்லு மாதிரி இருக்கு." தோழி என் பின்னால் நின்று மெல்ல மூச்சுவிட்டாள்.

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, "போடறதுக்கு எழுதி வெச்ச ஆர்டரை லிஸ்ட்லேர்ந்து எடுத்துடறேன்" என்றார்.

"இப்பவே எடுங்க சார், நான் பார்க்கணும்" என்றேன். எடுத்தார்.