பாட்டின் பின்பக்கம்

பேத்தி செய்தித்தாளிலிருந்து ஒரு படத்தை வெட்டி எடுத்துவிட்டாள். அந்த ஓட்டையைப் பார்த்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், கோயமுத்தூரில், எங்கள் வீதி வாசகசாலைக்கு ஒரே ஒரு பத்திரிகைதான் வரும். அதில் வந்த ஒரு பாட்டைப் படித்துச் சொக்கிப்போய், வேறு யாரும் படிக்குமுன்பே அப்பா அதைப் பிளேடால் வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதைவிடப் பெரிய திருட்டு எங்கள் வீதியில் நடந்ததில்லை. ஏனென்றால் பாட்டின் பின்பக்கத்தில் நகரசபை அறிவிப்பு இருந்தது: தெருக்குழாய் வேண்டுகிற வீதிக்காரர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தர வேண்டும். நாலு நாள் கழித்து நான்தான் அதைத் திருப்பிப்பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். அன்றைக்குச் சனிக்கிழமை.

"பாட்டு நல்லாத்தானுங்க இருக்குது. தண்ணி ஆரு சொமக்கறதுங்க?" என்றாள் அம்மா.

அப்பா வாசகசாலையில் எல்லார் முன்னாலும் தப்பை ஒத்துக்கொண்டார். மறுநாள் காலையிலிருந்து, அடுத்த வீதிக் குழாயில் தண்ணீர் பிடித்து அவரே தோளில் சுமந்துவந்தார். வழியெல்லாம் அந்தப் பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வருவார். அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலில் வந்து நிற்பாள்.

அடுத்த வருஷம் எங்கள் வீதிக்கும் குழாய் வந்தது. சனமெல்லாம் குடத்தோடு அதைச் சுற்றி நின்றது. அம்மா மட்டும் எங்கள் காலிக் குடத்தை அப்பாவிடம் நீட்டினாள்.

"ஏனுங்க, இன்னிக்கு ஒரு குடம் மட்டும் அடுத்த வீதியிலிருந்தே கொண்டாங்க."