இருபது நிமிடத்தில் முடித்த படிவம்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜூலை மாதத் திங்கட்கிழமை. அரியலூருக்கு அருகே நான் வேலை பார்க்கும் பள்ளிக்குப் பி.எட். பயிற்சிக்காக ஒரு பெண் வந்தார். செந்துறைப் பக்கம் நான் முன்பு இருந்த பள்ளியில், ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். "உங்களப் பாத்துத்தான் சார் டீச்சராவணும்னு நெனச்சேன்" என்றார். அன்றைய நாட்குறிப்பில் அந்த வரியை அப்படியே எழுதிக்கொண்டேன்.

அவருக்கு வழிகாட்டி ஆசிரியர் நான். நான் எழுதும் குறிப்பை வைத்துத்தான் கல்லூரியில் மதிப்பெண் போடுவார்கள். புதன்கிழமை, மாணவர் விவரப் படிவத்தை நிரப்பும் வேலையைக் கொடுத்தேன். பெயர், முகவரி, தந்தையின் தொழில் என்று பத்துக் கட்டங்கள். வரிசையாக எழுப்பிக் கேட்டால் இருபது நிமிடம். நான் எப்போதும் அப்படித்தான் முடிப்பேன். அவர் கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, மெதுவாகக் கேட்டு எழுதினார். மணி அடித்தபோது பாதிதான் முடிந்திருந்தது. 'நேரத்தைத் திட்டமிடவில்லை' என்று அவருடைய பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

மாலையில் அதைக் கொடுத்து, ஏம்மா இப்படி இழுத்தடித்தாய் என்று கேட்டேன். குறிப்பைப் படித்துவிட்டு நிதானமாகத்தான் சொன்னார்.

"ஏழாவதுல நீங்க எழுப்பிக் கேட்டீங்க சார். அப்பா எங்கள விட்டுட்டுப் போயிட்டாரு, அம்மா களை வெட்டப் போவுதுன்னேன். பின்னாடி சிரிச்சாங்க. நீங்க குனிஞ்சு எழுதிக்கிட்டு இருந்தீங்க. அப்புறம் நாலு நாள் நான் வரல."

ஐந்தாம் நாள் வீடு தேடிப் போய் அவரை அழைத்து வந்ததும் நான்தானாம்.

"நீங்க வந்ததும் அம்மா மொதல்ல உக்காரச் சொல்லுச்சு. அப்புறந்தான் பேசுச்சு. எங்க வூட்டுல யாரையும் நிக்க வெச்சுப் பேச மாட்டாங்க சார். வராத புள்ளயத் தேடிப் போவணும்னு உங்ககிட்ட கத்துக்கிட்டேன். இது அம்மாகிட்ட."

வீட்டுக்கு வந்ததும் அந்த ஆண்டின் நாட்குறிப்பைத் தேடி எடுத்தேன். 'மாணவர் விவரப் படிவம் இருபது நிமிடத்தில் முடிந்தது. பிழை இல்லை.' சில பக்கங்கள் தள்ளி, 'நான்கு நாள் வராத மாணவியை அழைத்து வந்தேன். காரணம்: காய்ச்சல்.'

காய்ச்சல் என்று அவருடைய அம்மாதான் சொல்லியிருக்க வேண்டும். என் மனம் நோகக் கூடாது என்று நினைத்திருப்பார்.

மறுநாள் பதிவேட்டில் என் குறிப்பை அடித்து, அருகில் சிறு கையெழுத்துப் போட்டேன். மீதிப் பிள்ளைகளுக்காக என் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியையும் இழுத்துப் போட்டேன். நாட்குறிப்பு இன்றும் எழுதுகிறேன். 'பிழை இல்லை' என்று மட்டும் அதற்குப் பிறகு எழுதத் துணிந்ததில்லை.