காந்தாபென் தண்ணீர் ஊற்றிய செடிகள்

அப்பா சாயா குடித்துக்கொண்டிருந்தபோது அந்த போன் வந்தது. மாடிவீட்டு காந்தாபென் எர்ணாகுளம் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்று வெளியூரில் இருக்கும் அவருடைய மகன் நிலேஷ் சேட்டன் சொன்னார். அப்பா கண்ணாடி கிளாஸை அப்படியே கீழே வைத்தார். அம்மா "ஐயோ" என்றாள். பிறகு அவள் முதலில் பார்த்தது மாடியை அல்ல, முற்றத்தில் இருந்த என் மரப்பெட்டிகளை.

காந்தாபென்னை நம் தமிழ்க் குடும்பத்தார் எல்லோரும் அறிவார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குத் தன் முன்னறையை வாடகை வாங்காமல் தந்தவர். நாங்கள் "அ, ஆ" சொல்லும்போது உள்ளே இருந்துகொண்டு அவரும் சொல்வார், எங்களைவிடச் சத்தமாக. மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்த குஜராத்தி ஜைனர். பென் என்றால் குஜராத்தியில் அக்கா, தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். மண்ணுக்கு அடியில் விளையும் எதையும் அவர் உண்டதில்லை. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எதுவும் கிடையாது. அதைப் பிடுங்கினால் செடி சாகும், மண்ணில் இருக்கும் சின்ன உயிர்களும் சாகும் என்பது அவர்கள் நம்பிக்கை. அவருடைய கீழ்வீட்டுக்கு நாங்கள் வாடகைக்குக் குடிவந்தபோது அம்மாவிடம் ஒன்றுதான் சொன்னாராம்: "மீனும் இறைச்சியும் வேண்டாம். மத்தது உன் அடுக்களை, உன் இஷ்டம். ஆனா என் முற்றத்தில கிழங்கு ஒண்ணும் நடண்டா, கேட்டோ."

போன வருடம் எங்கள் பள்ளித் தோட்டக் கிளப்பில் முளைவிட்ட உருளைக்கிழங்குகளைக் கொடுத்தார்கள். கொச்சிச் சூட்டில் இது விளையாது, இலைதான் வரும் என்று டீச்சரே சொன்னார். எனக்குப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அப்பா, தான் வேலை செய்யும் சுக்குக் கிடங்கிலிருந்து கொண்டுவந்த பழைய பலகைகளில் இரண்டு பெட்டிகள் அடித்துத் தந்தார். என்ன நடப்போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. பெட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்தேன். செடி உயர உயர இன்னொரு பலகை வைத்து, மண்ணும் சருகும் போட்டு மூடவேண்டும். கிழங்கு கூடாது என்றது எனக்கு நினைவிருந்தது. ஆனால் பெட்டி தரைக்கு மேலே அல்லவா இருக்கிறது, அது எப்படி முற்றத்தின் மண்ணாகும் என்று எனக்குள் ஒரு நியாயம் வைத்திருந்தேன்.

ஒரு கல்யாணத்துக்காக நாங்கள் பாலக்காடு போய்த் திரும்பியபோது செடிகள் வாடாமல் நின்றன. ஒவ்வொன்றுக்கும் குச்சி நட்டுத் துணிக்கயிறு கட்டியிருந்தது. மாடியிலிருந்து காந்தாபென் கூப்பிட்டார்: "மோளே, உன் தக்காளிக்கு நான்தான் வெள்ளம் ஊத்தினேன். என்னா பூ! பழம் எப்போ?"

அம்மா என் கையைக் கிள்ளினாள். காந்தாபென் வீட்டுக்குள் உருளைக்கிழங்கே வந்ததில்லை. அதன் இலையை அவர் எங்கே பார்த்திருப்பார்? தக்காளி என்றே நினைத்துத் தினமும் ஊற்றினார். "இத்தனை வெள்ளம் குடிச்சிட்டு ஒரு பழம் தரல. கள்ளச் செடி" என்று திட்டிக்கொண்டே ஊற்றினார். ஒருநாள் காய்கறி வண்டிக்காரரிடம், "எனக்குத் தக்காளி வேண்டா, முற்றத்தில வருது" என்று பெருமையாகக் காட்டியும் விட்டார். வண்டிக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்: "பென், இது உருளக்கிழங்காக்கும்!"

காந்தாபென் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பெட்டி, செங்கல், தரைக்கு மேலே என்று என் நியாயத்தை முழுவதும் சொன்னேன். அவர் படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "இவளை வக்கீலுக்குப் படிக்க வை" என்றார் அம்மாவிடம். பயத்தில் அம்மா செடிகளை இப்போதே பிடுங்கிவிடுவதாகச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வளர்ந்துகிட்டிருக்கிறதைப் பிடுங்கவா? என் விலக்கு வாய்க்குத்தான். வெள்ளம் ஊத்துற கைக்கு இல்ல."

ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். செடி தானாகக் காயவேண்டும். மண்வெட்டி கூடாது. பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றினால் மண் தானே சரியும், கையால் பொறுக்கிக்கொள் என்றார்.

அப்படித்தான் எடுத்தோம். காந்தாபென் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை செய்தார். கிழங்குகள் நெல்லிக்காய் அளவில்தான் இருந்தன, அம்மா ஒரு பொரியல் செய்யும் அளவுக்கு. வெளியே வந்த மண்புழுக்களை இலையில் ஏந்தி அடுத்த பெட்டியில் விட்டார். "டிக்கெட் எடுக்காம வீடு மாறுறான் பார்" என்றார். சாப்பிட்டுவிட்டு வந்த என்னிடம், "ருசி எப்படி?" என்று கேட்டார். எழுபது வயதுவரை உருளைக்கிழங்கு தின்னாத ஒருவருக்கு அதை எப்படிச் சொல்வது? யோசித்து, "அதுக்குன்னு ருசி ஒண்ணும் இல்ல பென். உப்பு என்ன சொல்லுதோ அதக் கேக்கும்" என்றேன். "அப்போ எனக்கு நஷ்டம் இல்ல" என்றார்.

இந்த வருடமும் நட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அவரும் தண்ணீர் ஊற்றினார். தெருவில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

அதுதான் இப்போது வினையாகிவிட்டது. தகனம் முடிந்து சொந்தக்காரர்கள் முற்றத்தில் நின்றபோது, அவர்களில் ஒரு பெண் அந்தச் செடிகள் உருளைக்கிழங்கு என்று அடையாளம் கண்டுகொண்டார். பக்கத்து வீட்டார், "பென் தினமும் நனைப்பாங்களே" என்றார்கள், நல்லதாகத்தான். நிலேஷ் சேட்டன் முகம் சுருங்கியது. அப்பாவிடம், "இது யாருடெ?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு, "தெரியாது. பென்னோடதா இருக்கும்" என்றார்.

அப்பாவைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. இந்த வாடகைக்கு இங்கே வேறு வீடு கிடையாது. சேட்டன் போகச் சொன்னால் எங்கே போவோம் என்று அம்மா அழுதாள். யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கடைசிக் காலத்தில் கிழவிக்கு நாக்கு கேட்டிருக்கிறது, ஒளித்து வைத்துத் தின்றிருக்கிறாள் என்று பேச்சு பரவிவிட்டது. நம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் அம்மாக்களும் பேசுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் காத்த ஒன்றை, பதில் சொல்ல அவர் இல்லாத நேரத்தில் பறிக்கிறோம்.

அப்பாவும் அம்மாவும் தூங்கிவிட்டார்கள். அவர்களுக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். நம் தமிழ்ச் சங்க இதழில் போடுங்கள். காந்தாபென் யாரைப் பற்றியும் முதுகுக்குப் பின்னால் பேசி நான் கேட்டதில்லை. திட்டுவதென்றாலும் ஆளைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்துத் திட்டுவார். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அது ஒன்றுதான்.

நிலேஷ் சேட்டனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இதழ் வரும்வரை காத்திருக்கவும் முடியாது. காலையில் மாடி ஏறிப்போய் நானே சொல்லப்போகிறேன்: "சேட்டா, அது என் செடி. பென் ஒரு கிழங்குகூட வாயில வைக்கல."